பதினோராம் பக்கம்

உக்காருங்கம்மா. ஃபேன் போட்டாச்சு, சுத்தத்தான் கொஞ்ச நேரம் ஆகும். கம்பத்துல இருந்து நேர் பஸ்ஸா, தேனியில மாறி வந்தீங்களா? சரி விடுங்க, எப்படியோ போடி வந்து சேந்துட்டீங்க. பழமெல்லாம் எதுக்கு? வீட்டுல நான் ஒருத்திதான், யாரு திங்கிறது. வைங்க, வைங்க. கொண்டுவந்ததைத் திருப்பித் தரக்கூடாது.

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்க ஸ்கூல் ஹெச்செம் நேத்தே போன்ல சொல்லிட்டாரு. பொண்ணு பேரு நஸ்ரின். ப்ளஸ் டூ. எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும், எழுதச் சொன்னா ஒண்ணு கெடக்க ஒண்ணு எழுதும், ஆனா வாயால கேட்டா அத்தனையும் சொல்லும். கற்றல் குறைபாடுன்னு சர்டிபிகேட் வாங்கிட்டீங்க. மார்ச்ல பரீட்சை. பிள்ளை சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆளு வேணும், ஸ்க்ரைப். கல்வி ஆபீஸ்லதான் ஆள் போடுவாங்க, ஆனா நான் சரின்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க ஹெச்செம் என் பேரைச் சேத்து அனுப்பிருவாரு. அதானே? தெரியும். இந்தப் பக்கத்துல நாகஜோதிக்கு எழுதுன தமிழ் டீச்சர்னா எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

அதுக்குத்தான் உங்களை வரச்சொன்னேன். போன்லயே முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். ஆனா ஏன் முடியாதுன்னு கேப்பீங்கள்ல? டீயைக் குடிங்க, சொல்றேன்.

நாகஜோதி என்கிட்ட வந்தது ஒன்பதாவதுல. அவங்கம்மா பவுன்தாயி ஏலக்காய் கொடௌன்ல காய் பொறுக்குற பொம்பளை. அப்பா ஜீப் ஓட்டி, மலையில ஒரு விபத்துல போயிட்டாரு. பிள்ளை அமைதி. கண்ணு ரெண்டும் எப்பவும் பேசறவங்க வாயைத்தான் பாத்துக்கிட்டு இருக்கும். நான் இருபத்தாறு வருசம் தமிழ் நடத்துனவ, என் வகுப்புல எழுத்துப்பிழைக்கு ஒரு சட்டம் உண்டு. தப்பா எழுதுன வார்த்தையை அம்பது தடவை எழுதிட்டு வரணும். கலெக்டர் பிள்ளையா இருந்தாலும் அம்பதுதான். இவளுக்கு ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை தப்பாகும். ஐநூறு தடவை. எழுதிட்டு வந்துருவா, அதையும் சொல்லணும். ஒரு நாளும் எழுதாம வந்ததில்ல. ஆனா அந்த அம்பதுல ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. நான் அந்த நோட்டை வகுப்புல தூக்கிக் காட்டுனேன். பாருங்கடி, ஒரே வார்த்தையை அம்பது விதமா எழுத நம்ம நாகஜோதியாலதான் முடியும்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவளும் கூடச் சேந்து லேசாச் சிரிச்சா, அதுதான் எனக்கு இன்னிக்கும் மறக்க மாட்டேங்குது.

வாரத்துல ஒரு நாள் வர்ற சிறப்பாசிரியை ஒருத்தி இருந்தா, ஜான்சின்னு. சின்னப் பொண்ணு, என் மக வயசுகூட இருக்காது. அவ ஒரு நாள் ஸ்டாஃப் ரூம்ல அந்த நோட்டைப் பாத்துட்டு, மேடம், இந்தப் பிள்ளை சோம்பேறி இல்ல, இதுக்கு எழுத்து நிக்க மாட்டேங்குதுன்னா. எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. இத்தனை வருசம் வாத்தியார் வேலை பாத்தவளுக்கு நேத்து வந்தவ பாடம் எடுக்குறாளேன்னு கோவம். அப்பறம் அவ நாகஜோதியைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைச் சத்தமா வாசிச்சுக் காட்டி, இப்ப நீ சொல்லுன்னா. பிள்ளை அப்படியே சொல்லுது. வரிக்கு வரி. நான் வாசப்படியில நின்னு கேட்டேன். ஆறு மாசம் நான் போட்ட இம்போசிஷன் எல்லாம் வரிசையா வந்து என் முன்னாடி நின்னுச்சு.

அன்னியிலிருந்து அந்தப் பிள்ளை எனக்குக் கடன். கடன்னா நானே என் தலையில ஏத்திக்கிட்டது. தேனி ஆஸ்பத்திரிக்கு மூணு தடவை நான்தான் கூட்டிட்டு அலைஞ்சேன், சர்டிபிகேட்டுக்கு. பவுன்தாயி பயந்துச்சு. ஊனம்னு எழுதிக் குடுத்துட்டா நாளைக்கு எவன் கட்டுவான்னு. நீங்களும் அப்படித்தான் பயந்திருப்பீங்க, சொல்ல வேண்டாம், மூஞ்சியிலயே தெரியுது. நான்தான் பேசிப் பேசிச் சம்மதிக்க வெச்சேன். பத்தாவதுல பாஸாயிட்டா, அப்ப வேற ஊர் சார் ஒருத்தர் எழுதுனாரு, தட்டுத்தடுமாறிப் பாஸ் மார்க்குதான். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுல வரலாறு குரூப் எடுத்தா. ரெண்டு வருசமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நேரா இங்க வந்துருவா. இந்தா, நீங்க உக்காந்திருக்கிற இடத்துலதான் உக்காருவா. நான் புத்தகத்தை வாசிப்பேன், அவ கேப்பா. பழைய கல்யாணப் பத்திரிகையில சின்னதா ஒரு சன்னல் வெட்டி, அதை வரி மேல வெச்சு ஒவ்வொரு வார்த்தையா நகத்திப் படிக்கவும் பழக்குனேன். ஜான்சி சொல்லிக்குடுத்தது. ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகும், ஆனா படிப்பா.

வாசிச்சு வாசிச்சு வரலாறு எனக்கே மனப்பாடம். வினை அங்கதான் வந்துச்சு.

அந்தப் பாடத்தை நடத்துற டீச்சர் ஸ்க்ரைபா போகக்கூடாது, அது விதி. பாடம் தெரியாத ஆளா இருந்தாத்தான் பிள்ளை சொல்றதை மட்டும் எழுதுவாங்கன்னு. வரலாறு பரீட்சைக்கு வரவேண்டியவங்களுக்கு உடம்பு சரியில்லாமப் போக, கடைசி நேரத்துல என்னைப் போகச் சொன்னாங்க. தமிழ் டீச்சர்தானே, வரலாறு என்ன தெரியப்போகுதுன்னு நெனச்சிருப்பாங்க. இவ என் வீட்டுக்கு வந்து படிக்கிறவன்னு நான் வாயைத் திறக்கல. கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி இருந்துச்சு எனக்கு. அவளுக்கும் சந்தோசம். என்னைப் பாத்ததும், டீச்சர் நீங்களான்னு கையைப் பிடிச்சுக்கிட்டா.

வேற பள்ளிக்கூடம் அது. லேப்ல தனியா ஒரு மேசை போட்டுக் குடுத்தாங்க. கண்காணிப்பு சார் வாசல்கிட்ட நாற்காலியைப் போட்டுக்கிட்டு ரோட்டைப் பாத்து உக்காந்துட்டாரு. ஒரு மணி நேரம் கூடுதல் டைம் வேற. நான் கேள்வியை வாசிக்கணும், அவ சொல்லணும், அவ சொல்றதை நான் எழுதணும். அவ்வளவுதான் வேலை.

ஒரு மார்க் கேள்வியெல்லாம் சரியாப் போச்சு. அவதான் சொன்னா, நான்தான் எழுதுனேன். அதுல என் மேல ஒரு குத்தமும் இல்ல. அஞ்சு மார்க் வந்துச்சு. பிரெஞ்சுப் புரட்சி ஏன் வந்துச்சுன்னு கேள்வி. அவ சொல்றா, ரொட்டி இல்ல டீச்சர், மொதல்ல அதை எழுதுங்க, ரொட்டி இல்லாம பொம்பளைங்கள்லாம் அரண்மனைக்கு நடந்தே போனாங்க, மழை வேறன்னு.

மழை வேற. நீங்களே சொல்லுங்க, இதை எழுதுனா திருத்துறவன் என்ன பண்ணுவான்? நான் எத்தனை வருசம் பேப்பர் திருத்தியிருக்கேன், எனக்குத் தெரியாதா? ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு இத்தனை பேப்பர்னு கட்டு கட்டாக் குடுப்பாங்க. கையில விடைக் கீ இருக்கும், அதுல உள்ள பாயிண்ட்டைத் தேடுவோம், இருந்தா மார்க், இல்லாட்டி அடுத்த பக்கம். மழையில நனைஞ்ச பொம்பளைங்களுக்கு எந்தக் கீயிலயும் மார்க் கிடையாது. சமூகக் காரணம், பொருளாதாரக் காரணம், அரசியல் காரணம், அறிஞர்களோட பங்குன்னு நாலு உள்தலைப்பு போட்டு ஸ்கேல் வெச்சு அடிக்கோடு இழுத்து எழுதிட்டேன். கை தானாப் போச்சும்மா. தெரிஞ்சே செஞ்சேன்னு சொல்ல மாட்டேன். தெரியாமச் செஞ்சேன்னும் சொல்ல முடியாது.

அவ பாத்தா. படிக்கத்தான் நேரமாகும், பாக்கத் தெரியும்ல? நான் கொஞ்சமாத்தானே சொன்னேன், நீங்க ரொம்ப எழுதுறீங்களேன்னு கேட்டா. பேசற தமிழை எழுதற தமிழா மாத்துனா நீளமாகும்டின்னேன். தலையை ஆட்டுனா. அடுத்த கேள்விக்கு நிதானமா, நிறுத்தி நிறுத்தி, நானே எழுத்துத் தமிழுக்கு மாத்த வேண்டாத மாதிரி சொல்லிப் பாத்தா. நான் அதையும் எழுதல. ஒரு தடவை கேட்டா, நான் சொன்னதைத்தானே டீச்சர் எழுதுறீங்கன்னு.

ஆமான்னேன்.

அந்த ஒரு வார்த்தையை என்னால இன்னிக்கும் முழுங்க முடியல. மத்ததுக்கெல்லாம் சமாதானம் சொல்லிக்கலாம். பிள்ளை நல்லதுக்குச் செஞ்சேன், மார்க் வரணும்னு செஞ்சேன், ஒன்பதாவதுல சிரிச்சதுக்குப் பரிகாரமாச் செஞ்சேன். அந்த ஆமாவுக்கு ஒரு சமாதானமும் இல்ல.

மே மாசம் ரிசல்ட். வரலாறுல எண்பத்தி நாலு. பள்ளிக்கூடமே நம்ப முடியாம நின்னுச்சு. எங்க ஹெச்செம் எனக்குச் சால்வை போர்த்துனாரு. பேப்பர்ல போட்டோவோட வந்துச்சு, நீங்க பாத்தது அதுதான். பவுன்தாயி என் கால்ல விழ வந்துச்சு, நான்தான் தடுத்தேன். நாகஜோதி மட்டும் ஓரமா நின்னு, அந்தப் பேப்பரைப் பாக்க முடியுமா டீச்சர்னு கேட்டா. எந்தப் பேப்பரைன்னேன். நான் எழுதுன பேப்பரைன்னா. நான் எழுதுன. அப்படித்தான் சொன்னா.

விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம்ல, மார்க் குறைஞ்ச பிள்ளைங்க வாங்கும். உனக்கு எதுக்குடி, நல்ல மார்க்தானேன்னு சொல்லிப் பாத்தேன். மார்க்குக்கு இல்ல டீச்சர், நான் பேசுனது பேப்பர்ல எப்படி இருக்கும்னு பாக்கணும்னா. இத்தனை வருசத்துல அந்தப் பிள்ளை தானா ஆசைப்பட்டு ஒண்ணைப் படிக்கணும்னு கேட்டது அதுதான் மொத தடவை. நான் என்ன சொல்லித் தடுக்க? அவளே போய் விண்ணப்பிச்சா. பிரவுசிங் சென்டர்ல பிரிண்ட் எடுத்துக்கிட்டா. எனக்கு அப்பவும் ஒரு நப்பாசை. அத்தனை பக்கத்தை இவ எங்க படிக்கப்போறா, ரெண்டு பக்கம் பாத்துட்டு வெச்சுருவான்னு. பாருங்க, அவளால படிக்க முடியாதுங்கிறதை நான் நம்பியிருந்தேன். அவ டீச்சர் நான்.

பத்தொம்பது நாள் படிச்சிருக்கா. அந்தச் சன்னல் வெட்டுன அட்டையை வெச்சு, ஒவ்வொரு வார்த்தையா. பவுன்தாயி சொல்லித்தான் தெரியும், சாப்பாடு தண்ணி நெனப்பில்லாம அதையே வெச்சுக்கிட்டு இருந்திருக்கா. படிக்கிறது கஷ்டம், ஆனா தான் சொன்னது அவளுக்கு மறக்காதே. அந்த நாலு மணி நேரத்துல தன் வாயில இருந்து என்ன வந்துச்சோ அத்தனையும் அவ காதுல இருக்கு. அதைத் தேடித் தேடிப் படிச்சிருக்கா.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்தா. நான் வாசல்ல வத்தல் காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். கையில அந்தக் கட்டு. என்னடி, எல்லாம் படிச்சிட்டியான்னு கேட்டேன், குரலை நல்லா சாதாரணமா வெச்சுக்கிட்டு.

"இது என்னோட பேப்பரா டீச்சர்?"

உன்னோடதுதான், மேல நம்பரைப் பாருன்னேன்.

"நம்பர் என்னோடதுதான். உள்ள நான் இல்ல."

அழுதா பரவாயில்ல, சத்தம் போட்டாலும் பரவாயில்ல. எப்பவும் பேசற குரல்லயே சொன்னா. நான் படபடன்னு பேசுனேன். உன் நல்லதுக்குத்தான்டி, நீ சொன்ன விசயம்தான், வார்த்தையை மட்டும்தான் மாத்துனேன், இந்த மார்க் இருந்தா மதுரையில எந்தக் காலேஜ்லயும் சீட்டு வாங்கலாம், நானே வந்து சேத்துவிடுறேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, அந்தக் காலேஜ்ல எனக்கு யாரு டீச்சர் எழுதுவாங்கன்னா.

சேரல. ஃபாரம்கூட வாங்கல. என் மார்க் எவ்வளவுன்னு எனக்கே தெரியாதப்ப நான் எங்க போய்ச் சேர்றதுன்னு பவுன்தாயிகிட்டச் சொல்லியிருக்கா. பவுன்தாயி என்கிட்ட வந்து புலம்புச்சு. யார் வார்த்தையா இருந்தா என்ன டீச்சர், பாஸாயிட்டாள்ல, அதைப் புரிஞ்சுக்க மாட்டேங்குறாளேன்னு. உங்களுக்கும் அதான் தோணுது. இல்லைன்னு தலையாட்டாதீங்க, ரெண்டு நிமிசமா நீங்க அதைத்தான் கேக்க வாயெடுக்குறீங்க.

மறுபடி எழுதுறேன்னு வேற கேட்டா. ஆபீஸ்ல போய் விசாரிச்சா. பாஸான பாடத்தைத் திரும்ப எழுத விடமாட்டாங்களாம். பெயிலாயிருந்தாலாவது அடுத்த மாசமே எழுதியிருப்பா. முப்பத்தஞ்சோ நாப்பதோ, அவ வாயால வாங்குனதா இருந்திருக்கும். குதிரை கீழே தள்ளுனதுமில்லாம குழியும் பறிச்ச கதைதான். அந்தக் குழியைப் பறிச்சவ நான். ரெண்டு வருசமாச்சு. இப்ப கொடௌன்ல அவங்கம்மா பக்கத்துல உக்காந்து காய் பொறுக்குறா. வேலை சுத்தம்னு முதலாளி சொல்றாராம். எதுக்க வந்தா நல்லாயிருக்கீங்களா டீச்சர்னு கேக்கத்தான் செய்யறா. நின்னு பேச மாட்டா.

அதனால உங்க நஸ்ரினுக்கு நான் வேண்டாம்மா. உங்க ஹெச்செம்கிட்டச் சொல்லி, அந்தப் பாடம் சுத்தமாத் தெரியாத ஆளா, கணக்கு டீச்சரோ டிராயிங் மாஸ்டரோ பாக்கச் சொல்லுங்க. தெரிஞ்சவ கை சும்மா இருக்காது.

எந்திரிக்காதீங்க. உக்காருங்க. இன்னும் ஒண்ணு இருக்கு, அதை வேணும்னுதான் விட்டுட்டு வந்தேன்.

அன்னிக்கு அந்தக் கட்டுல இருந்து ஒரு தாளை மட்டும் தனியா எடுத்தா. பதினோராம் பக்கம். தொழிற்புரட்சியால வந்த விளைவுகள். அட்டை இல்லாம, விரலை மட்டும் வெச்சு, தட்டுத் தடங்கல் இல்லாம என் முன்னாடி வாசிச்சா. எத்தனை தடவை படிச்சிருந்தா அப்படி வந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

"இயந்திரம் வந்தால் முதலில் சத்தம் வரும், பேச்சு நின்றுவிடும். என் அம்மா வேலை செய்யும் இடத்தில் நாற்பது பேர் பேசிக்கொண்டே ஏலக்காய் பொறுக்கினார்கள். தரம் பிரிக்கும் இயந்திரம் வந்த பிறகு எட்டுப் பேர். அவர்கள் பேசுவதில்லை. இங்கிலாந்திலும் வீட்டில் தறி வைத்திருந்தவர்கள் இயந்திரம் இருக்கும் ஊருக்குப் போனார்கள். கூலி அவர்களுக்கு வந்தது. நேரம் அவர்களுடையதாக இல்லை."

இன்னும் ஒரு அரைப் பக்கம் இருக்கும். அடிக்கோடு கிடையாது, உள்தலைப்பு கிடையாது. ஓரத்துல சிவப்பு மையில அஞ்சு. அஞ்சுக்கு அஞ்சும்மா. நான் நாலு தலைப்புப் போட்டு அலங்காரம் பண்ணி எழுதுனேனே, அந்த பிரெஞ்சுப் புரட்சிக்கு மூணுதான் போட்டிருந்தாங்க. மத்ததுக்கும் மூணு, நாலு. முழு மார்க் வாங்குனது அந்த ஒண்ணுதான்.

அந்தத் தாளை மடிச்சு அவ பையில வெச்சுக்கிட்டா. மீதிக் கட்டை என் கையில குடுத்தா. இது உங்களோடது டீச்சர்னா. அந்தா, பீரோவுலதான் இருக்கு. எறியவும் முடியல, எடுத்துப் பாக்கவும் முடியல.

போறதுக்கு முன்னாடி திரும்பி, "இந்த ஒண்ணையாவது நான் சொன்ன மாதிரி எழுதணும்னு உங்களுக்குத் தோணுச்சே, அதுக்கு ரொம்ப நன்றி டீச்சர்"னா.

நான் சரின்னு தலையை ஆட்டுனேன். இந்தா, இப்படி.

என்னன்னு சொல்றது அவகிட்ட? அந்தக் கேள்விக்கு அவ வாயைத் திறந்த நேரம் பறக்கும் படைக்காரர் ஒருத்தர் லேப்புக்குள்ள வந்தாரு. வந்தவர் வாசல்ல பாத்துட்டுப் போகல. நேரா என் முதுகுக்குப் பின்னாடி வந்து நின்னுக்கிட்டு, பிள்ளை சொல்றதையும் கேட்டாரு, நான் எழுதுறதையும் பாத்தாரு. நான் ஸ்கேலைக் கீழ வெச்சேன். அவ சொன்னதை ஒரு வார்த்தை பிசகாம எழுதுனேன். எழுதி முடிக்கிற வரைக்கும் நின்னுட்டு, சரின்னு போயிட்டாரு. அவர் அந்தப் பக்கம் போனதும் நான் மறுபடி ஸ்கேலைக் கையில எடுத்துட்டேன்.

அவர் இன்னும் ஒரு கால் மணி நேரம் நின்னிருந்தார்னா, அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பக்கம் கெடைச்சிருக்கும்.